உனைசி கேட்ட தொட்டி

சனிக்கிழமைதோறும் வெயில் ஏறுவதற்கு முன்பே உனைசி ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். எங்கள் ஆசிரியர் குடியிருப்பின் கூரை விளிம்பை ஒட்டி ஓடும் மழைத் தூம்பைச் சுத்தம் செய்வது அவள் வேலை. யாரும் அவளிடம் கொடுத்த வேலை இல்லை. ஒரு கையில் தேய்ந்துபோன பழைய பல் பிரஷ், இன்னொரு கையில் உடைந்த பீங்கான் தட்டின் பாதி. தட்டால் சீமைப்பலாச் சருகையும் பறவை எச்சத்தையும் வழித்து வாளியில் போடுவாள். பிரஷ்ஷால் மூலைகளைத் தேய்ப்பாள். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வேன்.

"இந்த ஏணிக்கு வாய் இருந்தா இந்நேரம் ஊரைக் கூட்டியிருக்கும்," என்பேன்.

"கூட்டட்டும். உன்னை மாதிரி குச்சி ஏறினா காத்து தூக்கிட்டுப் போய்க் கடல்ல போட்டுடும். பேச்சைக் குறைச்சிட்டு ஏணியைப் பிடிடி."

உனைசி பிஜிக்காரி. தவேயுனித் தீவில் பிறந்தவள். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கணக்கு சொல்லிக்கொடுக்கும் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் எங்கள் தராவாத் தீவுக்கு வந்தாள். வந்த புதிதில், குழாயைத் திறந்தால் தண்ணீர் வராத ஒரு நாட்டை அவளால் நம்பவே முடியவில்லை. அவள் ஊரில் வீட்டுக்குப் பின்னால் ஓடை, அதற்குப் பின்னால் அருவி. எங்களுக்கு ஒரு பக்கம் பெருங்கடல், இன்னொரு பக்கம் காயல், நடுவில் ஒரே சாலை. தண்ணீர் என்று எங்களுக்கு இருப்பது கூரைமேல் விழுவதும், கிணற்றில் கொஞ்சம் உப்போடு கிடப்பதும்தான். ஒரே மாதத்தில் அவள் அதைப் புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து இந்தச் சனிக்கிழமை வேலை.

நான் பக்கத்து அறைக்காரி, அரோய்த்தா. அதே பள்ளிக்கூடத்தில் எங்கள் மொழி சொல்லிக்கொடுக்கிறேன். என் மகன் கப்பலில் இருக்கிறான். அதனால் எனக்கும் சமைத்துப் போட ஆள் கிடையாது. இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்தோம். அவள் மீனைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துப் பச்சையாகச் சாப்பிடுவாள். நான் சோற்றில் பாகு ஊற்றிச் சாப்பிடுவதைப் பார்த்து அவள் முகம் சுளிப்பாள். நாள் ஓடியது.

அவள் வந்த வருஷமே ஆகஸ்டில் கணவர் அபெனிசா இறந்துபோனார். நெஞ்சுவலி. இங்கிருந்து வாரத்துக்கு இரண்டு விமானம்தான். அந்த வாரம் ஒன்று பழுது. உனைசி போய் இறங்கியபோது மண் போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. ஒரே மகள் கெலெரா விமான நிலையத்துக்கு வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் பையை வாங்கிக்கொண்டாளாம். "திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்று உனைசி என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் கெலெரா உண்டானாள். முதல் பிள்ளை. மார்ச்சில் பிரசவம். உனைசியின் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. இன்னொரு வருஷம் இரு என்று தலைமையாசிரியர் மூன்று முறை கேட்டார். ஜனவரிக் கடைசியில் பள்ளி திறந்துவிடும், நடுவில் விடுப்பு கிடையாது. கையெழுத்துப் போட்டால் மார்ச்சில் அவள் இங்கே கரும்பலகை முன்னால்தான் நிற்க வேண்டும். அதனால் மூன்று முறையும் முடியாது என்றாள். கடல் தடுப்புச் சுவரின் மேல் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்றுகொண்டு அவள் மகளிடம் கத்திச் சொன்னது என் சமையலறை வரைக்கும் கேட்டது.

"இந்தத் தடவை நான் இருப்பேன்டி. கேக்குதா? நான் இருப்பேன்!"

பதினோராம் வகுப்பு மாணவர்கள் வருஷத்துக்கு ஒரு பொதுத்தொண்டு செய்தாக வேண்டும் என்று பள்ளியில் ஒரு விதி. வழக்கமாகக் கடற்கரையில் குப்பை பொறுக்குவார்கள், படம் எடுப்பார்கள், அடுத்த வாரம் அதே குப்பை திரும்ப வந்து கிடக்கும். உனைசி தன் வகுப்பின் பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தியெனே வீட்டுக்குப் போனாள்.

தியெனே தரைப்பாலத்துக்குப் பக்கத்தில் இருப்பவள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்று பிள்ளைகள். போன பெரிய அலையில் அவள் கிணற்றில் கடல்நீர் ஏறிவிட்டது. கடைக்குட்டிக்கு இரண்டு வயது, வயிற்றுப்போக்கில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தது. உனைசி கிணற்று நீரை ஒரு வாய் எடுத்துத் துப்பினாள்.

"ஒரு சதுர மீட்டர் கூரையில ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா எவ்வளவு தண்ணி?"

"ஒரு லிட்டர், டீச்சர்."

"இந்த வீட்டுக் கூரையில?"

பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். தாழை ஓலைக் கூரை. தெரெங்கா என்ற பெண் சிரித்துவிட்டாள். "பூச்சிதான் விழும், டீச்சர்."

பள்ளியின் தச்சுக் கொட்டகைக்குப் பின்னால் அடியில் விரிசல் விட்ட ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. தலைமையாசிரியர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். உடைந்த கூடையின் பிளாஸ்டிக்கை வெட்டி, பழைய இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, துண்டுதுண்டாக உருக்கி ஒட்டினார்கள். நாற்றம் தாங்கவில்லை. மூன்றாவது தடவைதான் ஒழுகாமல் நின்றது. தகரத்துக்குத்தான் வழியில்லை. உனைசி பிள்ளைகளை உட்காரவைத்து நான்கு அலுவலகங்களுக்கு அழகாகக் கடிதம் எழுதவைத்தாள். ஒருவரும் பதில் போடவில்லை.

தெரெங்காதான் சொன்னாள். "டீச்சர், கடுதாசியை விடுங்க. நாங்க கேட்டு வாங்கிடுறோம்."

எங்கள் ஊரில் அதற்குப் புபுசி என்று பெயர். உறவுக்காரரோ ஊர்க்காரரோ அந்தச் சொல்லைச் சொல்லி உங்களிடம் இருப்பதைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. சொன்னால் அந்த வெட்கம் உங்கள் பிள்ளைகள் வரைக்கும் வரும். கொடுத்தவர் என்றைக்காவது திருப்பிக் கேட்கலாம். அதையேதான் கேட்க வேண்டும் என்றில்லை, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அப்போது நீங்களும் இல்லை என்று சொல்ல முடியாது.

மூன்று நாளில் பதினான்கு தகரம் வந்து சேர்ந்தது. மாமன், சித்தப்பன், ஞானத்தகப்பன் என்று ஆளுக்கு ஒருவரிடம் கேட்டிருந்தார்கள். தெரெங்காவின் தாத்தா தெபகாரோ மட்டும் தன் படகுக் கொட்டகையிலிருந்து மூன்று தகரம் கழற்றிக் கொடுத்தார். அவர் தியெனேயின் இறந்துபோன புருஷனுக்கு மூத்த அண்ணன். எங்கள் கூட்டத்துக்குப் பெரியவர். எனக்கும் தூரத்து மாமன் முறை.

உனைசிக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க ஊர்லயும் இது இருக்குடி, கெரெகெரென்னு சொல்லுவோம். ஆனா இவ்வளவு வேகமா இல்ல. அருமையான பழக்கம்!"

"ஆமா," என்றேன். தகரங்களை எண்ண ஆரம்பித்தேன்.

தியெனேயின் சமையல் கொட்டகைக்குத் தகரக் கூரை ஏறியது. நீளவாக்கில் பிளந்த குழாய் தூம்பு ஆயிற்று. பவளக்கல் அடுக்கிச் சிமெண்ட் பூசி மேடை கட்டினார்கள். உனைசி வெறுங்காலோடு சாந்து மிதித்தாள். ஊர் முழுக்க அவளுக்குத் 'தொட்டி டீச்சர்' என்று பெயராகிவிட்டது. உடம்பையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். அவளுக்கும் அது தெரியும். "மூடி மட்டும்தான் இல்ல," என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவாள்.

முதல் மழையில் தொட்டி பாதி நிரம்பியது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஒப்படைப்பு வைத்தார்கள்.

எங்கள் ஊர்க்கூடமான மனேயபாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உட்கார இடம் உண்டு. அவரவர் இடத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். சோறு, சூரைமீன், சுட்ட சீமைப்பலா. உனைசியின் தலையில் பூ வளையம். பெரியவர்கள் பேசி முடித்ததும் அவளைப் பேசச் சொன்னார்கள். அவள் ஆங்கிலத்தில் பேசினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் மொழியில் சொன்னேன். பிள்ளைகளைப் பாராட்டினாள். தகரம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொன்னாள். கடைசியில் தியெனேயைப் பார்த்து, மனசு நிறைந்து சொன்னாள்:

"குடுத்துட்டு மேல ஒரு கண்ணு வச்சிருக்கிறது எனக்குப் பிடிக்காது. இந்தத் தொட்டி இனி முழுக்க முழுக்க தியெனேயோட சொந்தச் சொத்து. பள்ளிக்கூடத்துக்கோ எனக்கோ இதுல எந்த உரிமையும் கிடையாது."

என் நாக்கு ஒரு கணம் நின்றது. பள்ளிக்கூடத்துத் தொட்டி, தியெனே பார்த்துக்கொள்கிறாள் என்று நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தின் பொருளைத் தியெனேயிடம் யாரும் கேட்க முடியாது. அவளுடைய பொருளைக் கேட்கலாம். ஆனால் ஒருத்தி சபையில் பேசுவதை நான் எப்படித் திருத்துவது? சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். கைதட்டினார்கள். தெபகாரோ கைதட்டவில்லை. தன் இடத்தில் சம்மணமிட்டபடி, கூரையைத் தாங்கும் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். தியெனே தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை. எங்கள் தூம்பை முடித்துவிட்டு உனைசி பிரஷ்ஷைக் கழுவினாள். "வா, தியெனேக்கும் இதைச் சொல்லிக்குடுத்துட்டு வருவோம். நான் போன பிறகு அவதானே செய்யணும்."

போனோம். கல்மேடை இருந்தது. அதன் மேல் வட்டமாக ஒரு ஈரத் தடம். தூம்பிலிருந்து இறங்கும் குழாயின் கீழே ஒரு அலுமினியக் குண்டான்.

தியெனே பாய் விரித்தாள். இளநீர் வெட்டிக் கொடுத்தாள். உனைசி அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள், "தொட்டி எங்க?"

"கேட்டாங்க. குடுத்தேன்."

"யாரு கேட்டா?"

"வீட்டுக்காரரோட அண்ணன். அவங்க வீட்டுல பதினஞ்சு பேரு டீச்சர். இங்க நாங்க நாலு பேருதானே."

"அவங்க கிணறு நல்லாத்தானே இருக்கு? நீ முடியாதுன்னு சொல்லக்கூடாதா?"

நான் இதை எங்கள் மொழியில் சொன்னபோது தியெனேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். கேலி இல்லை. சின்னப் பிள்ளை ஏதோ கேட்டால் வரும் சிரிப்பு. கடைக்குட்டி அவள் மடியில் படுத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் உதடு காய்ந்திருந்தது.

திரும்பும் வழியில் உனைசி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பிறகு நின்றாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"நான் பேசும்போதே தெரியும்."

"நீ சொன்னதைத்தானே சொன்னேன்?"

"என் காலை ஒரு மிதி மிதிச்சிருக்கலாமேடி. தொட்டி டீச்சர் இடிச்சா ஊரே ஆடும்னு சொல்லுவீங்களே, நீ ஒரு இடி இடிச்சிருக்கலாம்."

 தெபகாரோ என் மாமன், அவள் பிஜிக்காரி, டிசம்பரில் போய்விடுவாள், நான் இங்கேதான் இருக்க வேண்டும். இதைத்தான் நான் நினைத்திருந்தேன். அதைச் சாலையில் நின்று எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை அவள் வகுப்பில் கேட்டாள். அடுத்த அறையில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"தொட்டியை உருட்டிட்டுப் போனது யாரு?"

பன்னிரண்டு பேரும் கை தூக்கியிருக்கிறார்கள்.

"கனமா இருந்துச்சா?"

"இல்ல டீச்சர்," என்றது தெரெங்காவின் குரல். "தண்ணியை எறக்கிட்டோம். ஒரு சொட்டு வீணாகல. எல்லாத்தையும் தியெனே அத்தை பாத்திரத்துல பிடிச்சு வச்சிக்கிட்டாங்க."

 பிறகு சாக்கட்டி கரும்பலகையில் உரசும் சத்தம் கேட்டது. பாடம் தொடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் தன் பெட்டியின் அடியிலிருந்து காகிதத்தில் சுற்றிய யங்கோனா வேர்க் கட்டு ஒன்றை எடுத்தாள். இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்களே, அந்த வேர். கடைசிக் கட்டு. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது புருஷன் கல்லறையில் வைக்க வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டு வரவழைத்து வைத்திருந்தது.

"அந்தச் சொல்லை எப்படிச் சொல்லணும்? சரியா சொல்லிக்குடு," என்றாள்.

"உனைசி, அது விளையாட்டு இல்ல. கேட்டுட்டா நீயும் உள்ள வந்துட்டேன்னு அர்த்தம். நாளைக்கு அவரு உங்கிட்ட கேப்பாரு."

"எங்கிட்ட என்ன இருக்கு? சைக்கிள் ஒண்ணு. எப்படியும் குடுத்துட்டுத்தான் போகப்போறேன். சொல்லிக்குடு."

தெபகாரோ தன் வீட்டு மேடையில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். தெரெங்கா ஓரத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால், தரையில் மணல் குவித்து, தொட்டி உட்கார்ந்திருந்தது. அதன்மேல் இரண்டு குழந்தைகள் ஏறி உட்கார்ந்திருந்தன. உனைசி மேடையில் ஏறாமல் கீழே பாயில் உட்கார்ந்து, வேர்க்கட்டை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதை மோந்து பார்த்தார். "இது என்ன, தொட்டிக்கு விலையா?"

"இல்ல பெரியவரே. எங்க ஊர்ல கேக்க வர்றவங்க கையை வீசிக்கிட்டு வர மாட்டாங்க."

"கேக்க வந்தியா? அப்பக் கேளு."

உனைசி நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொரு சொல்லாக, எங்கள் மொழியிலேயே சொன்னாள். உச்சரிப்பு கோணல்தான். ஆனால் புபுசி என்ற சொல் நேராக வந்தது. தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"தியெனேக்காகக் கேக்குறியா?" என்றார் அவர்.

"இல்ல. எனக்கு. எனக்கு அந்தத் தொட்டி வேணும்."

"நீதான் டிசம்பர்ல விமானம் ஏறுறியே. தலையில வச்சு எடுத்துட்டுப் போவியா?"

"பள்ளிக்கூடத்துப் பேருல வாங்கிக்குறேன். தியெனே வீட்டு மேடையில வைப்பேன். எம் பிள்ளைங்க பாத்துக்குவாங்க."

அவர் சிரித்தார். முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு. "இப்பத்தான் பேசக் கத்துக்கிட்ட." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "டீச்சர், எம் மூணு தகரம் அந்தக் கூரையில இருக்கு. என் வீட்டுல பதினஞ்சு வாய். நான் திருடல, கேட்டுத்தான் வாங்கினேன். அது உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"சரி. எடுத்துக்கோ. வெளியூர்க்காரியா வந்து நியாயம் பேசியிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். நீ எங்காளா வந்து கேட்டுட்ட." வலை ஊசியை என் பக்கம் நீட்டினார். "அரோய்த்தா, மிச்சத்தையும் இவளுக்குப் புரியுற மாதிரி சொல்லு. இந்தத் தடவையாவது."

எனக்குக் காது சுட்டது. என்றைக்காவது அவர் எதை வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம், அப்போது மறுக்க முடியாது என்று சொன்னேன். உனைசி தலையாட்டினாள்.

அன்றே பன்னிரண்டு பேரும் தொட்டியைத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்தார்கள். இந்த முறை தெரெங்கா வெள்ளைச் சாயத்தால் அதன் வயிற்றில் பள்ளியின் பெயரை எழுதினாள். சனிக்கிழமை முறை போட்டுத் தூம்பு துலக்குவது என்று பிள்ளைகளே பட்டியல் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள். நவம்பர் முழுக்கத் தியெனேயின் கடைக்குட்டி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

உனைசி சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, சக்கரத்துக்குக் காற்றடித்து வராந்தாவில் சாத்தி வைத்தாள். தெபகாரோ எப்போது வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும் என்று. அவர் வரவில்லை. சாலையில் பார்த்தால் தொப்பியைத் தூக்குவார், அவ்வளவுதான். நவம்பர் போய்விட்டது.

டிசம்பர் முதல் வாரம் வியாழக்கிழமை அவள் விமானம் ஏறினாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்ச் ஒன்பதாம் தேதி கெலெராவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. உனைசி கைகளில் ஏந்தி எடுத்த படத்தை எனக்கு அனுப்பினாள். குழந்தை தெரியவில்லை, அவள் தோள்தான் படம் முழுக்க. எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் ஜூன் வரைக்கும் காலியாக இருந்தது. பன்னிரண்டு பேரும் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைத் தாங்களாகவே உருட்டினார்கள். ஐந்து பேர் தேறினார்கள். தெரெங்கா தேறவில்லை. அடுத்த வருஷமும் எழுதினாள்.

நான் சொல்ல வந்தது இதற்கெல்லாம் முந்தைய அந்தப் புதன்கிழமை சாயங்காலத்தை.

அறையில் ஒன்றும் இல்லை. மெத்தையைச் சுருட்டிக் கட்டியாயிற்று. இரண்டு பெட்டி, ஒரு தாழைப் பாய்ச் சுருள். பிள்ளைகள் கொடுத்த சிப்பி மாலைகளை எந்தப் பெட்டியில் வைப்பது என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் செருமல் கேட்டது. தெபகாரோ. தேவாலயத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"வாங்க பெரியவரே," என்றாள் உனைசி. "சைக்கிள் வெளியிலயே இருக்கு. பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்ல சைக்கிள்." அவர் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

தேநீர் கொடுத்தேன். இரண்டு கரண்டி சர்க்கரை போதாது என்றார். மூன்றாவது போட்டேன். கலக்கிக்கொண்டே பேசினார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"நீ வர்றதுக்கு முந்தின வருஷம் கணக்குக்கு ஆளே கிடையாது. உனக்குச் சொன்னாங்களா? வருஷம் முழுக்க அந்த வகுப்புல யாருமே நிக்கல. பிள்ளைங்க போவாங்க, உக்காருவாங்க, வருவாங்க. என் பேரன் அந்த வகுப்பு. இப்ப மீன் இறக்குறான்."

"தெரியும் பெரியவரே."

"இந்தப் பொண்ணு தெரெங்கா. நர்ஸ் ஆகணுங்குது. ராத்திரி தூக்கத்துல சதுர மீட்டர், லிட்டர்னு பொலம்புது. பக்கத்துல படுக்குறவங்க உதைக்கிறாங்க."

உனைசி சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. எனக்கு அவர் செருமியபோதே புரிந்திருந்தது.

நான் மறைக்கப்போவதில்லை. அவர் அந்தச் சொல்லைச் சொல்லி, இவளை இன்னொரு வருஷம் இருக்கக் கேட்க வேண்டும் என்றுதான் நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை. மறுநாளிலிருந்து அந்த அடுப்பில் நான் ஒருத்திதான் சமைக்க வேண்டும்.

உனைசி போனை எடுத்து ஒரு படத்தைத் திறந்து அவரிடம் நீட்டினாள். கெலெரா ஒரு மரத்தடியில் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். அவர் போனை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, நெடுநேரம் பார்த்தார்.

"எத்தனாவது மாசம்?"

"ஆறு."

"மொதப் பிள்ளையா?"

"மொதப் பிள்ளை."

"அப்பா?"

"அவ அப்பாவா? போன வருஷம் போயிட்டாரு. நான் இங்க இருந்தேன்."

 அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். தேநீரைக் குடித்து முடித்தார். அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையை விரலால் வழித்துச் சாப்பிட்டார். வெளியே மேகம் கட்டிக்கொண்டு வந்தது.

"மழை வரும்போல," என்றார்.

"பெரியவரே," என்றாள் உனைசி. அவள் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்திருந்தன. "நான் உங்ககிட்டக் கேட்டேன். நீங்க குடுத்தீங்க. இப்ப உங்க முறை. நீங்க என்ன கேக்க வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். கேளுங்க. கேட்டா நான் முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க வாயால கேளுங்க. கேக்குறீங்களா?"

நான் அதைச் சொன்னபடியே சொன்னேன். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சுருட்டிக் கட்டிய மெத்தையைப் பார்த்தார். தரையில் கை ஊன்றி மெதுவாக எழுந்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். வாசலில் குனிந்து செருப்பைக் காலால் தேடிப் போட்டார். வராந்தாவில் நின்ற சைக்கிளை ஒதுக்கிக்கொண்டு, அந்தச் சொல்லைச் சொல்லாமலே வெளியே போனார்.